குறிப்பாலே சொல்லுங்க!

கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நண்பர் ஒருவருடைய தோட்டத்து வீட்டுக்கு ஒரு முறை விருந்தாளியாகப் போயிருந்தோம். மாலையில் போனவர்கள் பேச்சு ருசியில் நேரம் போனதை மறந்துவிட்டோம். மணி ஒன்பதைத் தாண்டிற்று. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த நண்பரின் அப்பிச்சி மெல்ல எழுந்து உட்கார்ந்து, "ஏனுங், கடைசி பஸ்ஸு ஒம்பதரைக்குத்தானுங்களே. சித்தெ ஆற அமர இருந்து, இன்னொரு வாய் மோரு குடிச்சுப்போட்டுப் போலாமுங்க. என்ன அவசரமுங்க?" என்றார்.

ஆகா, என்ன உபசாரம் என்று பூரித்து, மேலும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போகும்போதுதான் புத்தி வேலை செய்தது. கிழவர் நம்மைப் போகச் சொல்லியிருக்கிறார்! 'போ' என்ற சொல் அவர் வாயில் 'போலாமுங்க' என்று, அதுவும் 'இருந்து' என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தது. இருக்கச் சொன்ன வாக்கியத்துக்குள்ளேயே போகச் சொல்லும் செய்தி இருந்தது. 'கோயமுத்தூர்க் குசும்பு' என்று நாடறிந்த சரக்கில் இது முதல் தரமானது என்பதை நேயர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இந்த அனுபவத்தை இங்கிலீஷ் படித்த நண்பர் ஒருவரிடம் சொன்னோம். "இதற்கு இங்கிலீஷில் 'ஹிண்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழில் என்ன இருக்கிறது? 'மறைமுகமாக' என்று நான்கு முழத்தில் ஒரு சொல்லைப் போட்டு மூடுவீர்கள்" என்றார். அதோடு விடவில்லை. 'ஹிண்ட்', 'இன்ஸினுவேஷன்', 'இன்யூயெண்டோ', 'அல்யூஷன்', 'ஐரனி', 'ஸார்க்கஸம்', 'யூஃபமிஸம்', 'லைடோட்டீஸ்', 'நுவான்ஸ்', 'டாக்ட்' என்று மளமளவென்று அடுக்கினார். நேராகச் சொல்லாமல் சொல்வதற்கு இங்கிலீஷ்காரன் ஓர் அலமாரி நிறையச் சொற்கள் வைத்திருக்கிறான். நம் பிள்ளைகள் பரீட்சையில் அத்தனைக்கும் 'மறைமுகம்', 'குறிப்பு', 'கேலி' என்ற மூன்றே சொற்களை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பரீட்சையைப் பற்றி அவர் சொன்னது வாஸ்தவந்தான்.

ஆனால் அந்த அலமாரியைச் சற்றுத் திறந்து பார்ப்போம். அதில் இங்கிலீஷ்காரன் தன் வீட்டில் செய்தது மிகச் சொற்பம். 'யூஃபமிஸம்' கிரேக்கர் சரக்கு; நல்ல பேச்சு என்பது அதன் பொருள். 'ஐரனி'யும் கிரேக்கமே, தெரிந்தும் தெரியாததுபோல் நடிப்பதை அது குறித்தது. 'ஸார்க்கஸம்' என்ற சொல்லின் அடியில் மாமிசத்தைக் கடித்துக் கிழிக்கும் நாயின் பல் இருக்கிறது. அதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பொருள் விளங்காமல் இராது. 'இன்யூயெண்டோ' லத்தீன். வாயைத் திறக்காமல் தலையை அசைத்துக் காட்டுவதென்று பொருள். 'இன்ஸினுவேஷன்' என்றால் வளைந்து வளைந்து உள்ளே நுழைவது. 'அல்யூஷ'னில் விளையாட்டு இருக்கிறது. 'டாக்ட்'டில் விரலின் தொடுகை இருக்கிறது. நமக்கு மிகவும் பிடித்தது 'நுவான்ஸ்'. பிரெஞ்சு மொழியில் மேகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. ஆகாயத்தில் மேகத்தின் நிறம் கணத்துக்குக் கணம் மங்கியும் தெளிந்தும் மாறுவதைப் பார்த்து, பேச்சிலும் அப்படி ஒரு சாயல் உண்டென்று எவனோ ஒரு ரஸிகன் கண்டிருக்கிறான்.

கடன் வாங்கியதைக் குறையாகச் சொல்லவில்லை. கடன் வாங்கியாவது அந்த நுணுக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றிற்றே, அது பெரிய காரியம். நம்மிடமும் அந்தப் பிரிவினை இருக்கிறதா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடிக் கொங்கு நாட்டை விட்டு வெளியே போகவே வேண்டாம். கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் சாலையில் விஜயமங்கலம் என்ற ஊர் வரும். பழைய சமணக் கோயில் அங்கே இன்றும் நிற்கிறது. அதற்குச் சற்று அப்பால் பெருந்துறை. அதன் பக்கத்தில் சீனாபுரம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் சனகை என்று அந்த நூலின் பாயிரம் சொல்லுகிறது. அந்தச் சனகை இந்தச் சீனாபுரமே என்பது கொங்கு நாட்டாரின் உறுதியான கொள்கை. மைசூர்ச் சீமைக்காரர் என்று வாதிப்பவர்களும் உண்டு. அவர்களோடு இன்று மல்லுக்கு நிற்பதாக உத்தேசமில்லை. சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி இந்த நூலை அவர் செய்தார். நம் தாத்தாக்களும் அவர்களுடைய தாத்தாக்களும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது இதைத்தான்.

பவணந்தியார் சொல் வழக்கை இரண்டு பெரும் பிரிவாக்கினார். இயல்பு வழக்கு என்று ஒன்று. தகுதி வழக்கு என்று மற்றொன்று. தகுதி வழக்கில் மூன்று உட்பிரிவுகள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் அடக்கிச் சொல்வது முதலாவது. 'கால் கழுவி வருகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போகிறோமே, அது. அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது இரண்டாவது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், கரிய ஆட்டை வெள்ளாடு என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்ளும் சொல் மூன்றாவது; பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களாம், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்களாம்.

இங்கே நம்மை நிறுத்தி வைப்பது 'தகுதி' என்ற சொல். இங்கிலீஷ் அலமாரியில் இருப்பவற்றில் பலவற்றுக்கு ஒளித்தல், நுழைதல், நடித்தல் என்ற கள்ளத்தனமான வாசனை இருக்கிறது. பவணந்தியாரோ ஒளிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. இடமும் ஆளும் பார்த்து, எது பொருந்துமோ அதைச் சொல்லுகிறார்கள் என்றார். தகுதி என்றால் பொருத்தம். மொழியைப் பற்றிய இந்த அபிப்பிராயம் ஒரு நாகரிகத்தின் அபிப்பிராயம்.

வேடர்கள் கள்ளுக்கு வைத்திருந்த குழூஉக்குறி ஒன்றையும் உரைகாரர்கள் சொல்லுகிறார்கள். 'சொல்விளம்பி' என்பது அது. உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே சொல்ல வைப்பது என்று பொருள்! குறிப்பாகப் பேசும் கலையை ஒரே மிடறில் அழிப்பது எதுவோ, அதற்கே குறிப்பாக ஒரு பெயர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-ஆம் வருஷம் காந்தி ஆசிரமம் தொடங்கி, 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்திய ராஜாஜிக்கு இந்தச் சொல் ஞாபகம் வந்திருந்தால் நன்றாகப் பயன்பட்டிருக்கும். அவர்தாம் 1916-இலேயே சேலத்தில் நண்பர்களோடு கூடித் தமிழில் சாஸ்திரச் சொற்கள் அமைப்பதற்கென்று ஒரு சங்கம் கண்டவர். பிராணவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் தமிழ் தேடினார்கள். 'ஐரனி'க்குத் தேடுவது சாஸ்திரக்காரர்கள் வேலையில்லை.

தேடியிருந்தால் தண்டியலங்காரத்தில் கிடைத்திருக்கும். சொல்லாமல் குறிப்பாலும் செய்கையாலும் உணர்த்துவது நுட்ப அணி. மனத்தில் உள்ளது முகத்தில் வெளிப்பட்டுவிட்டால், அதற்கு வேறொரு காரணம் காட்டிச் சமாளிப்பது இலேச அணி. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு 'அடுப்புப் புகை' என்று சொல்லாத தாய்மார் நம் வீடுகளில் உண்டா? ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துவது ஒட்டு. இவை பாட்டுக்கு மட்டும் உரியவை என்று பள்ளிக்கூடத்தில் கட்டிப் போட்டுவிட்டோம். அடுக்களைக்கும் சந்தைக்கும் அவை எப்போதோ வந்துவிட்டன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

திருக்குறளில் ஒரு விசேஷம் இருக்கிறது. 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று பொருட்பாலில், ராஜ சபையில் இருப்பவனுக்கு. மற்றொன்று காமத்துப்பாலில், காதலனுக்கு. குறிப்பை உணர்த்துவதற்கும் 'குறிப்பறிவுறுத்தல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அறிதலுக்கு இரண்டு, அறிவுறுத்தலுக்கு ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலீஷ் அலமாரியில் உள்ள சொற்கள் பெரும்பாலும் பேசுகிறவனுடைய சாமர்த்தியத்தைக் குறிப்பவை. நம்மவர்களோ கேட்கிறவன் தலையில் பாதிப் பாரத்துக்கு மேல் ஏற்றி வைத்தார்கள். அந்தக் கணக்கின்படி கோபிசெட்டிபாளையத்தில் தவறியது அப்பிச்சி அல்ல, நாமே!

இலக்கணம் போதும், ஊருக்குள் வருவோம். அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் மாட்டுச் சந்தைக்கோ, காங்கயத்தை அடுத்த கண்ணபுரத்துச் சந்தைக்கோ போய்ப் பாருங்கள். தரகரும் மாடு வாங்குகிறவரும் கைகுலுக்குவதுபோல் நிற்பார்கள். கைகளின்மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தான், எத்தனை விரலைப் பிடித்தான் என்பதில் ஆயிரமும் பதினாயிரமும் அடங்கியிருக்கும். வாய் மட்டும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பவணந்தியார் சொன்ன குழூஉக்குறிக்கு இதைவிட நல்ல படம் எந்தச் சித்திரக்காரராலும் எழுத முடியாது.

வீட்டுக்குள் மங்கல வழக்கு அரசாளுகிறது. அரிசிப் பானை காலியானால் 'நெறஞ்சிருக்குது' என்பார்கள். விளக்கை அணைக்க மாட்டார்கள், குளிர வைப்பார்கள். வெளியே கிளம்புகிறவர் 'போறனுங்க' என்று சொன்னால் பாட்டி முகம் சுளிப்பாள். 'போயிட்டு வர்றனுங்க' என்றால்தான் வாசலைத் தாண்டலாம். விஷம் மிகுந்த பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பெயரிட்டவர்கள் நாம். உயிரைக் குடித்த வைசூரியை 'அம்மை' என்றும் அதன் கொப்புளத்தை 'முத்து' என்றும் சொன்னவர்கள். அந்நோய் உலகை விட்டே ஒழிந்ததென்று 1980-இல் அறிவித்துவிட்டார்கள், சொல் நிற்கிறது. பழி வாங்கும் உக்கிர தேவதைகளுக்குப் பழைய கிரேக்கர் 'கருணையுள்ளவர்கள்' என்று பெயரிட்டுக் கூப்பிட்டதைப் படிக்கும்போது, மாரியம்மன் கோயில் வாசலில் நிற்பது போலவே இருக்கிறது. பயந்தவர்கள் எங்கும் ஒன்றுபோலவே பேசுகிறார்கள்.

கொங்கு நாட்டில் கடவுளும் நேராகப் பேசுவதில்லை என்பதற்குச் சிவன்மலை சாட்சி. காங்கயத்தை அடுத்த அந்த மலையில், பக்தர் ஒருவர் கனவில் சுவாமி உத்தரவிடும் பொருளை, பூக் கேட்டு உறுதி செய்துகொண்டு, உத்தரவுப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கே இருக்கும். மண்ணோ, நீரோ, நெல்லோ, எதுவாக இருந்தாலும் அது எதைக் குறிக்கிறது என்பதை ஊர்தான் யூகித்துக்கொள்ள வேண்டும். குறிப்பறிதலில் ஒரு வட்டாரத்துக்கே பயிற்சி!

இவ்வளவும் ரஸமான சங்கதி. ஆனால் ஒரு சொல்லின் சாயலால் மனிதர் சிறைக்குப் போன கதையும் இதே கோயமுத்தூரோடு சேர்ந்திருக்கிறது. 1870-இல் வெள்ளைக்காரச் சர்க்கார் பீனல் கோடில் 124-ஏ பிரிவைச் சேர்த்தது. சர்க்காரின்மீது 'டிஸ்அஃபெக்ஷன்' உண்டாக்குவது குற்றம் என்றது. அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? 1897-இல் பம்பாயில் லோகமான்ய திலகரின் வழக்கில் நீதிபதி ஸ்டிராச்சி ஜூரிகளுக்கு ஒரு வியாக்கியானம் செய்தார்: அன்பு இல்லாமையே 'டிஸ்அஃபெக்ஷன்' என்றார்! ஆளுகிறவனிடத்தில் அன்பு இல்லாததே குற்றமானால், அன்று இந்தியாவில் எத்தனை பேர் நிரபராதி? மறு வருஷம் சட்டத்தைத் திருத்தி, விசுவாசமின்மையும் பகைமை உணர்ச்சியும் அதில் அடங்கும் என்று விளக்கம் சேர்த்தார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அந்தக் குற்றத்தை 'ராஜத்துவேஷம்' என்று எழுதின. அன்பின்மைக்கும் துவேஷத்துக்கும் நடுவில் எத்தனை காத தூரம்! அந்தத் தூரத்தைத்தான் ஒரு சொல்லால் தாண்டிவிட்டார்கள்.

1908-இல் திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு அந்தப் பிரிவின்கீழ்த் தண்டனை விழுந்தது. பேசியது தமிழில், தீர்ப்பு இங்கிலீஷில். நீதிபதி பின்ஹே ஆயுட்கால நாடுகடத்தல் விதித்தார். மேல் கோர்ட்டில் அது குறைந்தது. ஆனால் அதற்குள் அவரைக் கோயமுத்தூர்ச் சிறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கப்பல் ஓட்டிய கைகள் இந்த ஊரில் செக்கு இழுத்தன. 1910 வரை இங்கே இருந்தார். பிறகு கண்ணனூர்.

நேராகப் பேசியவர்களுக்கு இந்தக் கதி என்று கண்ட நாடக மேடை குறிப்பில் இறங்கிற்று. விசுவநாத தாஸ் மேடையில் நின்று வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினார். கொக்கு என்று பாடினால் எந்தச் சட்டம் பிடிக்கும்? ஆனாலும் கொட்டகையில் கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் கொக்கு எந்தச் சீமையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. போலீஸாருக்கும் தெரிந்தது என்பதை அவர் பலமுறை சிறை சென்றதிலிருந்து அறிகிறோம். போலீஸாரும் குறிப்பறிதல் படித்தவர்கள்தாமே! அந்தப் பிரிவைச் சுமந்த பழைய சட்டப் புத்தகமே 2024 ஜூலை 1-ஆம் தேதியோடு நடைமுறையிலிருந்து விலகிவிட்டது. அதனிடத்தில் வந்த புதிய சட்டத்தின் சொற்களுக்கு யார் யார் என்னென்ன வியாக்கியானம் செய்வார்கள் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொங்குத் தமிழின் புகழைப் பாடும்போது, எல்லோரும் 'ங்க'வில் ஆரம்பித்து 'ங்க'வில் முடிப்பார்கள். 'ஏனுங்க', 'இல்லீங்க', 'சரீங்க' என்று அந்த ஈரெழுத்தால் கடுஞ்சொல்லையும் பதப்படுத்திவிடுகிறார்கள் என்பது மெய்யே. ஆனால் அந்த 'ங்க' எல்லோருக்கும் கிடைத்ததா? பண்ணையத்தில் வேலை செய்த முதியவர், தம் பேரன் வயதுள்ள பண்ணைக்காரப் பிள்ளையிடம் வரிக்கு வரி 'சாமி', 'ங்க' என்று சொல்லிக்கொண்டு நின்றார். திரும்பி அவருக்குக் கிடைத்தது 'வாடா, போடா' தான். மேலே ஏறுகிற மரியாதை கீழே இறங்கவில்லை. கீரனூர்க்காரரான ஆர். ஷண்முகசுந்தரம் 1942-இல் 'நாகம்மாள்' நாவலில் இந்த வட்டாரப் பேச்சைத் தயக்கமின்றி அச்சேற்றினார். அவருக்கு வெகு காலத்துக்குப் பின், 2000-ஆம் ஆண்டில், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்று தொகுத்தார். சொல்லை அகராதியில் தேடலாம். எந்தச் சொல் யார் வாயிலிருந்து யாரை நோக்கிப் போயிற்று என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நயமான பேச்சென்று நாம் மெச்சுவதில் ஒரு பங்கு பயத்தால் வந்தது.

இந்த எண்ணங்களோடு இருந்த சமயத்தில் தாராபுரம் பக்கம் உறவு முறையான ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தது. வீடு களையிழந்து கிடந்தது. பெண் பார்க்க வந்துபோன பிள்ளை வீட்டிலிருந்து மறுநாள் தகவல் வந்திருக்கிறது. பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையே கைப்பேசியில் இரண்டு வரி இங்கிலீஷில் அனுப்பியிருந்தான்; தனக்கு இஷ்டமில்லை, மேற்கொண்டு பேச வேண்டாம் என்பது சாரம். பெண்ணின் தகப்பனார் அந்தக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"நாங்க பொண்ணுப் பாத்த காலத்துல இப்பிடியெல்லாம் இல்லீங்க. புடிக்கலீன்னா, 'கோயில்ல பூக் கேட்டமுங்க, சாமி உத்தரவு குடுக்கலீங்க'ன்னு சொல்லியுடுவோம். பழி சாமி மேல போயிரும். சாமி தாங்கிக்குமுங்க, பொண்ணு தாங்குமா?" என்றார் பாட்டி.

நம் கண்கள் கலங்கிவிட்டன. இலேச அணிக்கு இதைவிட உயர்ந்த பிரயோகம் உண்டா என்று மனத்துக்குள் தண்டியாசிரியரை வணங்கிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து காபியோடு வந்த பெண் பேசினாள்.

"அமுச்சி, போன வருசம் வந்தவங்க சாமி குடுக்கலீன்னு சொன்னாங்க. அதுக்கு முந்தி வந்தவங்க சாதகம் சேரலீன்னாங்க. நெசமாவே சாமிதானோ, நானுந்தானோன்னு எத்தன நாள் ரோசன பண்ணீட்டுக் கெடந்தேன் தெரியுமா? இவரு ஒரே வரீல சொல்லிப்போட்டாரு. எனக்கு இது தேவலை."

பாட்டி பேசவில்லை. நமக்கும் சட்டென்று பதில் அகப்படவில்லை. மெத்தை போட்டு இறக்கி வைத்த பாரத்தை, இத்தனை நாளும் அந்தப் பெண்தான் சுமந்திருக்கிறாள் என்பது நம் கட்டுரைத் திட்டத்தில் இல்லாத விஷயம்.

"அந்தப் பையனுக்கு ஒரு பதில் போட வேண்டாமுங்களா?" என்று நம்மைக் கேட்டாள். "ரோசமாவும் இருக்கக்கூடாது, கெஞ்சற மாதிரியும் இருக்கக்கூடாது. இங்கிலீஷுல அதுக்கு என்ன வார்த்தைங்க?"

அலமாரியை மனத்துக்குள் ஒரு முறை புரட்டினோம். ஒன்றும் கைக்குச் சிக்கவில்லை. அவளே சற்று யோசித்து, தமிழில் மூன்று சொல் எழுதி அனுப்பினாள்: "ரொம்பச் சந்தோசமுங்க. நன்றிங்க."

மறுநாள் காலையில் பிள்ளையின் தாயார் பதறிக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட்டாராம். "ஏன் கண்ணு, கோவமா?" என்று கேட்டிருக்கிறார்.

"கோவமா? இல்லவே இல்லீங்களே!" என்றாளாம் இவள்.

பாட்டி அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்ததாகக் கேள்வி.